சுவர் சுவிட்சைக் கைவிடாமல் ரிமோட் சுவிட்ச் மாட்டுவது எப்படி: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளிரில் எழுந்து போகாமல் கேட் லைட்டை அணைக்க வேண்டும். கட்டிலைவிட்டு எழ முடியாத ஆயா தன் அறை லைட்டைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் சாயங்காலம் வாசல் விளக்கு எரிய வேண்டும். ரிமோட் சுவிட்ச் கேட்பவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் பலர் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடிக்காது. ரிமோட் வந்ததும் சுவரில் இருக்கிற சுவிட்சைச் செல்லாக்காசாக்கிவிடுகிறார்கள். ரிமோட் பேட்டரி தீர்ந்த அன்றைக்கும், நெட் போன அன்றைக்கும், வீட்டுக்கு வந்த விருந்தாளி பாத்ரூம் லைட்டைத் தேடும்போதும் கை தானாகப் போவது சுவருக்குத்தான். அங்கே தட்டினால் லைட் எரிய வேண்டும். இந்த ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொண்டால், எந்தச் சாமான் வாங்குவது, வயரை எப்படி இழுப்பது என்ற மற்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

எந்த வகை யாருக்கு

கடையில் கிடைப்பவை இரண்டு குடும்பம். ஒன்று ஆர்எஃப் (ரேடியோ அலை) ரிமோட்: சாவிக்கொத்து அளவில் ஒரு ரிமோட், போர்டுக்குள் ஒரு ரிசீவர். பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். இன்டர்நெட் வேண்டாம், போன் வேண்டாம், ஆப் வேண்டாம். ஒற்றை லைட்டுக்கான ரிசீவர் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இன்னொன்று வைஃபை ரிலே மாட்யூல் (ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் குட்டி சுவிட்ச்): தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, சுவிட்சின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். போனிலிருந்து எந்த ஊரில் இருந்தும் இயக்கலாம், டைமர் வைக்கலாம்.

டச் கண்ணாடி போர்டு, ஸ்மார்ட் பல்பு என்று வேறு சிலவும் உண்டு. ஸ்மார்ட் பல்பில் சிக்கல் என்னவென்றால், யாராவது பழக்கத்தில் சுவர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டால் பல்பு முழுசாகத் தூங்கிவிடும், போனில் எவ்வளவு தட்டினாலும் எழாது. வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாதவர்களுக்கு மட்டும் அது சரி.

அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ ஃபைபர் நெட் நிலையாக வருகிற வீட்டுக்கு வைஃபை மாட்யூல் வைக்கலாம். ஏற்காட்டில் கதை வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். எஸ்டேட் பக்கத்துப் பழைய வீடுகளில் கருங்கல் சுவர், ரூட்டர் முன் அறையில் இருந்தால் பின்கட்டுக்கு சிக்னல் எட்டாது. மழை, மின்னல் காலத்தில் நெட்டும் கரண்டும் போட்டி போட்டுக்கொண்டு போகும். அந்த மாதிரி வீட்டுக்கு நான் ஆர்எஃப் ரிமோட்டைத்தான் சொல்வேன். நெட் நன்றாக இருந்து, கீழே சேலத்தில் இருந்தபடி மலை வீட்டு வாசல் விளக்கைப் போட வேண்டும் என்றால் மட்டும் அங்கேயும் வைஃபை.

போர்டைத் திறக்கும் முன்

கொஞ்சம் சட்டம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள்படி, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, வயரிங்கின் திறனையோ தன்மையையோ மாற்றாமல், அப்படியே மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டிய வேலைக்கு லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வேண்டும். புது லைன் இழுப்பது, டிபி பாக்ஸில் (வீட்டுக்கு வரும் கரண்டைப் பல லைன்களாகப் பிரிக்கும் பெட்டி) கை வைப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். டெஸ்டரைப் பிடித்துப் பழக்கம் இல்லாதவர் சுவிட்ச் வேலைக்கும் வயர்மேனையே கூப்பிடுங்கள். அப்போதும் இந்தக் கட்டுரை வீண்போகாது. அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கவாவது உதவும்.

மெயினை ஆஃப் செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை அணைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. மெயின் போனதும் இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்யும், லைட் லைனில் 230 வோல்ட் வந்து நிற்கும். அதனால் மெயின், பிறகு இன்வெர்ட்டரின் சுவிட்ச், இரண்டையும் அணைக்க வேண்டும். மாடியில் தனி மீட்டர் இருந்து, மாடிப்படி லைட்டுக்குக் கீழ் வீட்டிலிருந்தோ மேல் வீட்டிலிருந்தோ லைன் வந்திருந்தால் அதையும் யோசியுங்கள்.

டெஸ்டரை நம்பும் முன் அதைச் சோதியுங்கள். மெயினை அணைக்கும் முன்பே, கரண்ட் இருக்கிற ஒரு ப்ளக் பாயிண்டில் வைத்துப் பாருங்கள், எரிய வேண்டும். அணைத்தபின் வேலை செய்யப்போகும் போர்டில் ஒவ்வொரு சுவிட்சின் இரண்டு ஸ்க்ரூவிலும் வையுங்கள், எரியக் கூடாது. கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

போர்டு கழன்றதும் முதல் வேலை, போனில் நான்கைந்து படம் எடுப்பது. மேலிருந்து ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நீங்கள் தொடப்போகிற சுவிட்சின் வயர்களில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, பேனாவால் குறித்துவையுங்கள்.

நியூட்ரல் எங்கே இருக்கிறது

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. சாதாரண சுவிட்சுக்கு ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், மட்டும் போதும். ஃபேஸ் உள்ளே வரும், லைட்டுக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் ரிமோட் மாட்யூல் தானே விழித்திருந்து சிக்னலைக் கேட்க வேண்டுமல்லவா, அதற்குச் சாப்பாடு வேண்டும். ஃபேஸும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலும் இரண்டும் வேண்டும்.

நல்ல வேளையாக நம் ஊர்ப் பழக்கம் இதில் கைகொடுக்கிறது. ஹால், படுக்கையறை போர்டு என்றால் நாலைந்து சுவிட்சோடு ஒரு 5 பின் சாக்கெட்டும் வைத்துவிடுவார்கள். சாக்கெட் இருந்தால் அங்கே நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும். முன்பக்கம் இருந்து பார்க்கும்போது மேலே பெரிய துளை எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் வலது இடது மாறிவிடும், அதை மறக்காதீர்கள். சில வீடுகளில் வயர்மேன் இதையும் மாற்றிக் கொடுத்திருப்பார், ஆகவே இடத்தை வைத்து ஊகித்துவிட்டு, மல்டிமீட்டரை வைத்து உறுதி செய்யுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட் காட்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு காட்டும் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து எர்த்தை நியூட்ரல் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். அந்த வயர் சாக்கெட்டின் எந்தத் துளைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்காகக் கரண்ட் கொடுத்தால், பார்த்து முடித்ததும் மறுபடி மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

நிறத்தை நம்ப வேண்டாம். பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டு மாட்யூலோடு வரும் படத்தில் நீலம் என்றால் நியூட்ரல், பழுப்பு என்றால் ஃபேஸ். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் நீல வயர் உயிருள்ள ஃபேஸாக இருக்கலாம். படத்தில் இருக்கிறதே என்று அதை மாட்யூலின் நியூட்ரலில் சொருகினால், இரண்டு ஃபேஸுக்கு இடையே இருக்கும் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் மாட்யூலுக்குள் பாயும். புகைதான்.

இதில் இரண்டு குறுக்கு வழிகள் உண்டு, இரண்டையும் யாராவது சொல்வார்கள். நியூட்ரல் இல்லையென்றால் எர்த்தைக் கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. மாட்யூல் வேலை செய்யத்தான் செய்யும், ஆனால் வீட்டு எர்த்தில் எப்போதும் மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும். எர்த் எங்காவது அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பைத் தொட்டால் ஷாக் அடிக்கும். பக்கத்து அறை போர்டிலிருந்து நியூட்ரலை இழுத்துவிடலாம் என்பது மற்றொன்று. அந்த நியூட்ரல் வேறு ஆர்சிசிபியின் (கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழ் வருவதாக இருந்தால், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் கணக்கு உதைத்து, லைட் போட்ட உடனே ட்ரிப் ஆகும். அதே சர்க்யூட்டின் நியூட்ரல்தான் வேண்டும்.

பாத்ரூம் வெளிச் சுவிட்ச், காலிங் பெல் சுவிட்ச், மாடிப்படி சுவிட்ச் போன்ற தனி போர்டுகளில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. நியூட்ரல் வேண்டாத மாட்யூல் என்றும் விற்கிறார்கள். அது லைட் வழியாகவே ஒரு துளி மின்சாரத்தைக் கசியவிட்டுப் பிழைக்கும். 9 வாட் எல்ஈடி பல்பில் அந்தக் கசிவு ராத்திரி முழுக்க மினுக் மினுக்கென்று தெரியலாம். அதற்கு ஒரு கெப்பாசிட்டரை லைட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லி அவர்களே கொடுப்பதும் உண்டு. வேறு வழி இல்லாத இடத்துக்கு ஒத்துக்கொள்ளலாம், முதல் தேர்வாக வேண்டாம்.

வாங்க வேண்டியவை

மாட்யூலில் ரிலே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் காகிதக் கணக்கில் 2,300 வாட். லைட்டுக்கு அதில் ஒரு மூலைகூட வேண்டாம், ஆனால் ஒரே சுவிட்சில் பத்துப் பன்னிரண்டு எல்ஈடி இருந்தால், ஆன் செய்த நொடியில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு இருக்கும், ரிலேயின் முனை ஒட்டிக்கொள்ளும். அதனால் பாதிக்கும் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எஃப் வகை வாங்கினால், வெளியே காமன், என்ஓ, என்சி என்று மூன்று முனையும் தனியாகத் தெரிகிற மாட்யூலாகக் கேளுங்கள். காமன் என்பது பொது முனை. ரிலே சும்மா இருக்கும்போது அது என்சியோடும், இயங்கும்போது என்ஓவோடும் சேரும். மூன்றும் ஏன் வேண்டும் என்பது கீழே வரும். கரண்ட் போய் வந்தாலும் பழைய நிலையை நினைவில் வைத்திருக்கிற வகையாக இருந்தால் இன்னும் நல்லது.

இதோடு ஒரு டூ-வே சுவிட்ச் (மாடிப்படி லைட்டுக்குப் போடும் மூன்று முனை சுவிட்ச்), உங்கள் போர்டின் அதே கம்பெனி, அதே அளவு. சாதாரண சுவிட்சைவிடச் சற்று விலை கூடும், அவ்வளவுதான். ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர் சிவப்பிலும் கறுப்பிலும் ஒவ்வொரு மீட்டர், ஸ்க்ரூ கனெக்டர் அல்லது லீவர் கனெக்டர் நாலைந்து, டேப், ஸ்ட்ரிப்பர், டெஸ்டர். செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கத்துப் பழைய வீடுகளில் அலுமினிய வயர் இன்னும் இருக்கலாம். அலுமினியத்தையும் காப்பரையும் முறுக்கி டேப் சுற்றினால் நாளாக ஆக இணைப்பு தளர்ந்து சூடேறும். அந்த வீட்டுக்கு ரிமோட் வாங்குகிற காசை வயரிங்கில் போடுவதே புத்திசாலித்தனம்.

பெட்டியின் ஆழத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். பழைய மரப் பெட்டியில் இடம் தாராளம். புது மாடுலர் பெட்டியில் ஃபேன் ரெகுலேட்டரும் சாக்கெட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். இடம் இல்லையென்றால் ஒரு டம்மி பிளேட் இருக்கும் இடத்துக்குப் பின்னால் மாட்யூலை வையுங்கள்.

முதல் முறை: மாடிப்படி கனெக்‌ஷன்

ஆர்எஃப் ரிமோட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாடிப்படி லைட்டைக் கீழேயும் மேலேயும் இரண்டு சுவிட்சில் இயக்குகிறோம் அல்லவா, அதே தந்திரம். கீழ் சுவிட்சின் இடத்தில் உங்கள் சுவர் சுவிட்ச், மேல் சுவிட்சின் இடத்தில் ரிலே. எதைத் தட்டினாலும் லைட்டின் நிலை மாறும். மாட்யூல் எரிந்தே போனாலும் ரிலே என்சி முனையில் சும்மா நிற்கும், சுவர் சுவிட்ச் பாட்டுக்கு லைட்டைப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கும்.

1. பழைய சுவிட்சைக் கழற்றி, அதே இடத்தில் டூ-வே சுவிட்சைப் பொருத்துங்கள். அதில் மூன்று ஸ்க்ரூ இருக்கும். நடுவில் இருப்பது பொதுவாக காமன், மீட்டரில் பீப் வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

2. பழைய சுவிட்சில் இருந்த ஃபேஸ் வயரை நடு ஸ்க்ரூவில் மாட்டுங்கள். நம் போர்டுகளில் ஃபேஸ் ஒரு சுவிட்சில் நுழைந்து, துண்டு வயர்கள் வழியாக அடுத்தடுத்த சுவிட்சுக்குத் தாவிப் போகும், லூப் என்பார்கள். ஆகவே அந்த ஸ்க்ரூவில் இரண்டு வயர் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடு ஸ்க்ரூவுக்கு வர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதற்கு அடுத்த சுவிட்சுகள் எல்லாம் செத்துவிடும்.

3. சுவிட்சின் இரண்டு ஓர ஸ்க்ரூவிலிருந்து இரண்டு துண்டு வயர். ஒன்று ரிலேயின் என்ஓவுக்கு, மற்றது என்சிக்கு. எது எதற்கு என்பது பெரிய விஷயமில்லை.

4. லைட்டுக்குப் போகும் வயர், முன்பு பழைய சுவிட்சின் மறு ஸ்க்ரூவில் இருந்ததே, அது இப்போது ரிலேயின் காமனுக்கு.

5. மாட்யூலின் சாப்பாட்டு முனைகள் இரண்டு. எல் என்பதற்கு அதே ஃபேஸ் லூப்பிலிருந்து ஒரு துண்டு, என் என்பதற்கு சாக்கெட்டின் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு. லைட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் மாட்யூலும் அதே லைனில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில், ரிமோட் மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது ஊமையாகிவிடும்.

ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெளியே செம்பு தெரியக் கூடாது.

ரிசீவரிலிருந்து ஒரு மெல்லிய வயர் சும்மா தொங்கும். அது ஆன்டெனா, வெட்டிவிடாதீர்கள். 433 மெகாஹெர்ட்ஸின் அலைநீளத்தில் கால் பங்கு 17 சென்டிமீட்டர் சொச்சம், அந்த நீளத்துக்குத்தான் அதை வைத்திருப்பார்கள். சுருட்டித் திணித்தாலோ, இரும்புப் பெட்டிக்குள் அடைத்தாலோ ரிமோட் எட்டும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பெட்டியாக இருந்தால் அந்த நுனியைப் பிளாஸ்டிக் பிளேட்டின் பின்பக்கமாக நேராக ஒட்டிவையுங்கள்.

கரண்ட் கொடுத்து, முதலில் சுவர் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். அது சரியென்றால் ரிசீவரின் லேர்ன் பட்டனை அழுத்தி ரிமோட்டைப் பழக்குங்கள். ஒருமுறை அழுத்தினால் ஒரு விதம், இருமுறை என்றால் வேறு விதம் என்று மாட்யூலுக்கு மாட்யூல் மாறும், காகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டன் வெளியே நீட்டிக்கொண்டிராமல் போர்டுக்குள் இருந்தால், போர்டு திறந்திருக்கும் நிலையில் கரண்டோடு விரலை விட வேண்டி வரும். அதற்குப் பதில் மாட்யூலை மாட்டுவதற்கு முன்பே, மேஜைமேல் ஒரு ப்ளக் வயரில் பாதுகாப்பாக இணைத்து, ரிமோட்டைப் பழக்கி முடித்துவிடுங்கள். டாகிள் என்ற முறையில் பழக்க வேண்டும்: ஒரே பட்டன், தட்டினால் எரியும், தட்டினால் அணையும்.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. கீழே தட்டினால் ஆன் என்ற நம் பழக்கம் போய்விடும். சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் லைட் எரியலாம். இன்னொன்று, நினைவாற்றல் இல்லாத மாட்யூலாக இருந்தால், கரண்ட் போய் வரும்போது ரிலே என்சிக்குத் திரும்பிவிடும், நடுராத்திரியில் லைட் தானாக எரியலாம். அதற்காகத்தான் நினைவுள்ள வகையை வாங்கச் சொன்னேன்.

இரண்டாம் முறை: வைஃபை மாட்யூல்

பொதுவாக எல் இன், என் இன், எல் அவுட், என் அவுட், எஸ்1, எஸ்2 என்று ஆறு முனை இருக்கும். ஃபேஸ் எல் இன்னுக்கு, நியூட்ரல் என் இன்னுக்கு, லைட் வயர் எல் அவுட்டுக்கு. லைட்டின் நியூட்ரல் ஏற்கெனவே தன் வழியில் போயிருப்பதால் என் அவுட்டைக் காலியாக விடலாம். பழைய சுவிட்சின் இரண்டு ஸ்க்ரூவும் எஸ்1, எஸ்2வுக்கு.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். இந்த வகை மாட்யூலில் எஸ் முனைகளுக்கு ஃபேஸ் போகவே கூடாது, போனால் அந்த நிமிடமே மாட்யூல் காலி. சுவிட்ச் இப்போது வெறும் சைகை கொடுக்கும் பட்டன், மின்சாரம் சுமக்கிற வேலை அதற்கு இல்லை. ஆகவே அந்த சுவிட்சை ஃபேஸ் லூப்பிலிருந்து முழுசாகப் பிரிக்க வேண்டும். அதில் இருந்த இரண்டு லூப் வயரையும் ஒரு கனெக்டரில் சேர்த்து, அதிலிருந்தே மாட்யூலுக்கும் ஒரு துண்டு எடுங்கள். மற்ற சுவிட்சுகள் பழையபடி இருக்கும். சில கம்பெனி மாட்யூல்களில் நேர்மாறாக, சுவிட்ச் முனைக்கு ஃபேஸே வர வேண்டும். மேலே ஒட்டியிருக்கிற படத்தைப் பார்க்காமல் எதையும் சொருகாதீர்கள், ஒன்றில் பழகிய கை இன்னொன்றை எரிக்கும்.

மாட்யூல் உயிரோடு இருக்கும்வரை நெட் இல்லாவிட்டாலும் சுவர் சுவிட்ச் வேலை செய்யும். மாட்யூல் செத்தால் சுவிட்சும் செத்தது. அதனால்தான் மலையில் இதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறேன்.

போனோடு சேர்க்கும்போது பலர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில். இந்த மாட்யூல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் பேசும். ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் போன் 5இல் உட்கார்ந்துகொள்ளும், மாட்யூலைக் கண்டுபிடிக்காது. ரூட்டரில் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்து, சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் போனை 2.4இல் வையுங்கள். பிற்பாடு ரூட்டரை மாற்றினால் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டையே புதுசுக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு மாட்யூலையும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

சேர்த்ததும் செட்டிங்ஸில் முதலில் போக வேண்டிய இடம், கரண்ட் திரும்ப வந்ததும் லைட் என்ன செய்ய வேண்டும் என்பது. ஆன், ஆஃப், பழைய நிலை என்று மூன்று இருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை எடுத்துச் சாயங்காலம் கொடுக்கும் ஊரில் இது முக்கியம். படுக்கையறைக்கு ஆஃப், வாசல் விளக்குக்குப் பழைய நிலை. அப்புறம் சுவிட்ச் வகை: நம் சுவிட்ச் தட்டினால் அப்படியே நிற்கிற வகை, பெல் பட்டன் மாதிரி திரும்பி வராது. அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் இருமுறை தட்டினால்தான் லைட் எரியும்.

வாசல் விளக்குக்கு டைமர் வைப்பவர்கள் கடிகார மணியைவிடச் சூரிய அஸ்தமனத்தைத் தேர்ந்தெடுங்கள். சேலத்தில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாயும், ஜூலையில் ஆறே முக்கால் வாக்கில். ஆப் அதைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

மாட்யூல் எப்போதும் விழித்திருப்பதால் பில் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு வாட் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு மாத ரீடிங்கில் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு.

ஏற்காட்டில் கேட் லைட்

கேட் தூணில் இருக்கிற விளக்குக்கு ரிசீவரைக் கேட்டில் வைக்காதீர்கள். வீட்டுக்குள் அந்த விளக்கின் சுவிட்ச் இருக்கும் போர்டிலேயே வையுங்கள். காரில் வரும்போது ரிமோட் எட்டவில்லை என்ற காரணத்தால் வெளியே வைக்க வேண்டி வந்தால், ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாத) பெட்டி, வயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம், கிளாண்ட் போட்டு இறுக்கி, மிச்ச இடைவெளியை சிலிகானால் அடைக்க வேண்டும். மூடுபனியின் ஈரம் ஒருபுறம் இருக்கட்டும், எறும்பும் பல்லியும்தான் பெரிய எதிரிகள். வெதுவெதுப்பான சின்னப் பெட்டி என்றால் குடும்பத்தோடு வந்துவிடும்.

ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் இடி மின்னல் அதிகம். தனி வீடு, நீளமான மேல்நிலைக் கம்பி என்றால், டிபி பாக்ஸில் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சாதனம்) போடச் சொல்லுங்கள். எர்த் சரியாக இல்லாமல் அது வேலை செய்யாது. பாறை மண்ணில் எர்த் குழி சீக்கிரம் காய்ந்துவிடும், கோடைக்கு முன் தண்ணீர் ஊற்றி, வயர்மேனை வைத்து அளந்து பார்ப்பது நல்லது.

வழக்கமான தொல்லைகள்

ஆஃப் செய்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறதா? நியூட்ரல் வேண்டாத மாட்யூல் என்றால் காரணம் தெரிந்ததே. மற்றபடி, சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வயரிங்கில் இது சகஜம், ஃபேஸையும் நியூட்ரலையும் அடையாளம் பார்த்துத் திருத்த வேண்டும்.

ரிமோட் பக்கத்தில் போனால்தான் வேலை செய்கிறது என்றால் முதலில் பேட்டரி. சாவிக்கொத்து ரிமோட்டுகளில் பலவற்றுக்கு 23ஏ அல்லது 27ஏ என்ற குட்டி 12 வோல்ட் பேட்டரி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, தடிமன் வேறு. கடைக்குப் பழசைக் கையோடு எடுத்துப் போங்கள். பேட்டரி புதுசு என்றால் ஆன்டெனாவைப் பாருங்கள்.

போர்டு சூடாகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு ஸ்க்ரூக்களைப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை தளர்ந்த இணைப்புதான், மாட்யூலின் குற்றம் அல்ல. ரிலே டிக் டிக்கென்று சத்தம் போட்டு லைட் எரியாமல் இருந்தால் சாப்பாட்டு முனைக்கு வரும் நியூட்ரல் சரியாகப் பிடிக்கவில்லை.

லைட் வெற்றி பெற்றதும் அடுத்து எல்லோரும் பார்ப்பது ஃபேனையும் மோட்டாரையும். ஃபேனை ஆன், ஆஃப் மட்டும் இதே மாட்யூலில் செய்யலாம், வேகம் பழைய ரெகுலேட்டரில் இருக்கட்டும். வேகமும் ரிமோட்டில் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த மாட்யூல் வேறு, லைட் டிம்மரை ஃபேனுக்குக் கொடுத்தால் முனகும், சுருளும் சூடாகும். 2,000 வாட் கெய்சர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் மணிக்கணக்கில் இழுக்கும், சம்ப் மோட்டார் கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு உதைக்கும். இரண்டில் எதுவானாலும், மாட்யூலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) போட்டு, ரிமோட் மாட்யூல் அந்தக் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்குகிற மாதிரி வயர்மேனிடம் செய்துகொள்ளுங்கள். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் காய்ந்து ஓடுவதை போனில் இருந்து யாரும் பார்க்க முடியாது, அதனால் ஃப்ளோட் சுவிட்சையும் அதே வரிசையில் சேர்க்கச் சொல்லுங்கள்.